தண்ணி குடுத்த வீடு

உத்தமபாளையம் சந்தையில் ஒரு சீனாக்காரன் நாலே சொல்லில் ஒரு வாக்கியம் சொன்னான்.

"சீனிச்சாமி வீடு தண்ணி குடுத்துச்சு."

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் முதலில் சிரித்தவன் கருத்தக்கண்ணன். சுருளிப்பட்டிக்காரன், சீனிச்சாமிக்கு எதிர்வீடு, வாய்க்கால் முறைக்காக அவரோடு தலைமுறைப் பகை. இப்படிப்பட்டவன் காதில் அந்த வாக்கியம் விழுந்தால் அது விழுந்த இடத்தில் கிடக்குமா? அன்று சாயங்காலமே அது சுருளிப்பட்டிக்கு வந்துவிட்டது. களத்தில் சொன்னான், செக்கடியில் சொன்னான், குளிக்கப் போன இடத்திலும் சொன்னான்.

தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்ததில் என்ன இழிவு என்று வெளியூர்க்காரன் கேட்பான். இழிவு சொல்லில் இல்லை, சொன்ன விதத்தில் இருந்தது. 'சீனிச்சாமி வீடு' என்பதைச் சீனாக்காரன் உச்சிக்குத் தூக்கி நீட்டினானாம். அதற்குப் பிறகு 'தண்ணி குடுத்துச்சு' என்பதை ஏதோ கெட்டுப்போனதைத் தின்றவன் மாதிரி அடிக்குரலில் முழுங்கிவிட்டானாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவன் ஒரு வீட்டின் பெயரைத் தூக்கிச் சொல்லிவிட்டு மிச்சத்தை முழுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எம்புட்டுப் பெரிய வீடு, வெறும் தண்ணியை ஊற்றி அனுப்பியது என்று காறித் துப்புவதுதான் அது.

"சீனிக்கும் சீனாவுக்கும் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்னு நெனச்சேன். கொணத்துல ரொம்ப வித்தியாசம் போல" என்று கருத்தக்கண்ணன் கடைசியில் ஒட்டும் போட்டான். ஊரில் உள்ள சோம்பேறிகளுக்கு இந்த ஒரு வரி ஒரு மாதத்துக்குப் போதும்.

சீனிச்சாமி இதைக் கேட்டபோது மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கீழே வைக்கவில்லை. நாய் குரைத்தது என்று கோபப்படுவாரா? பசியோடு வந்தவன் பசியோடு திரும்பாத வீடு என்பது அவருடைய அப்பா காலத்தில் ஊர் சொன்ன பேச்சு. அவர் காலத்தில் அந்தப் பேச்சைப் பெரும்பாலும் அவரேதான் சொல்லிவந்தார். சொல்வதற்குக் குரலும் மீசையும் இருந்தன.

ஆனால் மறுநாள் உத்தமபாளையத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் மகனுக்கு, சீனிச்சாமியின் மகள் பஞ்சம்மாளைப் பேசி முடித்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் போட வருவதாக இருந்தது. வந்த ஆள் வாசலிலேயே நின்று, "ஆடி வரப்போகுதுல்ல, கொஞ்சம் தள்ளிப் பாப்போம்னு சொல்லச் சொன்னாக" என்றான்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆடி எங்கேயோ கிடந்தது.

அப்போதுதான் சீனிச்சாமி கயிற்றைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். அந்தச் சீனாக்காரன் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பட்டு விற்பவன். மதுரைப் பக்கம் சுற்றித் தமிழ் கொஞ்சம் பொறுக்கி வைத்திருந்தான். உச்சி வெயிலில் சுருளிப்பட்டிக்குள் வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. சீனாக்காரன் பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒரு புரளி. இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் ஒருவன் என்ன செய்வான் என்று யோசிக்கிற மூளை எவனுக்கும் இல்லை. சீனிச்சாமியின் வாசலில்தான் சைக்கிள் நின்றது. அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

சீனிச்சாமியின் மனைவி கஸ்தூரியம்மாள் உள்ளே போய்க் கம்பங்கூழ்க் கலயத்தோடும் ஒரு வெங்காயத்தோடும் வந்தாள். சீனிச்சாமி கையைக் காட்டி மறித்தார்.

"என்ன சாதி, என்ன திங்கிறவன்னு தெரியாது. நம்ம கலயத்துல எவனெவனோ வாய வைக்கிறதா? தண்ணி போதும்."

செம்பைத் தூக்கி, குவித்த கையில் அவரே ஊற்றினார். அவன் குனிந்து குடித்தான். குடித்து முடித்து நிமிர்ந்து, இரண்டு கையையும் சேர்த்து ஆட்டி ஏதோ சொன்னான். அவர் வெற்றுச் செம்போடு உள்ளே போய்விட்டார். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆகக் கருத்தக்கண்ணன் சொன்னது பொய் இல்லை. அதுதான் முள். பொய்யாக இருந்தால் போய் அவன் வாயிலேயே போட்டுவிட்டு வந்திருப்பார்.

"நாளைக்கு வண்டியக் கட்டச் சொல்லு" என்றார் சீனிச்சாமி.

"போயி என்னன்னு கேப்பீக?" கஸ்தூரியம்மாள் முறத்தில் துவரை புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என் வீட்டப் பத்தி எளப்பமாப் பேசினியான்னு கேப்பேன்."

"அவன் எளப்பமாப் பேசியிருக்க மாட்டான். அவனுக்குப் பேச்சே அப்படித்தான்." முறத்தை நிறுத்தினாள். "அன்னைக்கு நீங்க உள்ள போன பெறகு வாய்க்கால் கரையில துணிய விரிச்சான். நானும் பக்கத்து வீட்டு ஜக்கம்மாவும் போய்ப் பாத்தோம். 'இது பட்டு'ம்பான். ஒருதரம் 'இது'வத் தூக்குவான், ஒருதரம் 'பட்ட'த் தூக்குவான். ஜக்கம்மாவுக்குக் கோவம். 'என்னடி, நம்மளப் பாத்துப் பழிப்புக் காட்டுறான்'னா. எனக்குப் பேரம் பேசப் பேசப் பிடிபட்டுச்சு. 'இது'வத் தூக்கினா, அது இல்ல, இதுதான் பட்டுங்கிறான். 'பட்ட'த் தூக்கினா, இது நூல் இல்ல, பட்டுதாங்கிறான். அவன் வாய்க்குத் 'தான்' வராது. அதுக்குப் பதிலாக் குரலப் போடுறான். தூக்கினதுக்குப் பின்னால வர்றதெல்லாம் அமுங்கிப் போயிருது."

"பொம்பளைக வியாக்கியானம்" என்றார் சீனிச்சாமி. ஆனால் அன்று முழுக்க அது அவர் காதிலிருந்து இறங்கவில்லை.

போகும்போது அழகுமலையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அழகுமலை பங்காளி வழியில் மகன் முறை. மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது திரும்பி வந்தவன். ஒரு காக்கி டவுசரும் நிறையப் பொய்யும் கொண்டுவந்திருந்தான். டவுசர் கிழிந்துவிட்டது.

"ஏலே, உனக்குச் சீனப் பேச்சுத் தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியே, நெசமா?"

"என்ன பெரியப்பா இப்படிக் கேட்டுப்புட்டீக. ஈப்போவுல பல்லுக் கட்டுற சீனர்கிட்டத்தான வேல பாத்தேன். நான் இல்லாம அவுக ஒரு பல்லப் புடுங்க மாட்டாக."

"நீ என்ன, வாயப் புடிச்சியா, காலப் புடிச்சியா?"

"ரெண்டும்தான்" என்றான் அழகுமலை. பரவாயில்லை, ஒரு உண்மை வந்துவிட்டது.

சுயம்புலிங்கத்தின் கடையில் பஞ்சுப் பொதிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவர் நடுவில் ஒரு பொதி மாதிரியே உட்கார்ந்திருந்தார். பேச்சில் எப்போதும் எண்ணெய் வழியும். பஞ்சு கொண்டுவந்தவர்கள் சிலர் நின்றார்கள். அவர்களில் கருத்தக்கண்ணனும் இருந்தான். சீனிச்சாமியைக் கண்டதும் அவன் நகரவில்லை. வேடிக்கை தன் காலடிக்கே வருகிறது என்றால் எந்த வீணன் நகருவான்?

"வாங்க சம்பந்தி, வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்?"

"ஆடி எம்புட்டுத் தூரம்னு பாக்க வந்தேன்" என்றார் சீனிச்சாமி.

சுயம்புலிங்கம் சிரித்து மழுப்பினார். "ஊர் வாயி... நான் என்ன பண்ணட்டும்? நாளைக்கு எங்க சனம் பத்துப்பேரு வந்து எறங்கினா, என்னப்பா, வெறுந் தண்ணி குடிக்கிற எடத்துல பொண்ணு எடுக்கிறியான்னு கேப்பாகள்ல?"

"அந்தச் சீனாக்காரனக் கூப்பிடுங்க."

சந்தை முடிந்தும் அவன் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கவில்லை. புளிய மர நிழலில் துணி விரித்திருந்தவனை ஆள் போய் அழைத்து வந்தது. மெலிந்தவன், வெயிலில் முகம் செங்கல் நிறமாகக் காய்ந்திருந்தது. சீனிச்சாமியைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்து ஆட்டினான்.

"உன் பேரு என்னய்யா?" என்றார் சுயம்புலிங்கம்.

"வாங்."

"பாத்தீகளா" என்றான் கருத்தக்கண்ணன். "பேரக் கேட்டாலே வாங்கு வாங்குங்கிறான். தொழில்ல கெட்டிக்காரன்."

எல்லாரும் சிரித்தார்கள். அழகுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். மூக்கால் ஏதோ ஒரு நீளமான வாக்கியம் பேசினான். வாங் விழித்தான். அழகுமலை அதையே இன்னும் சத்தமாகப் பேசினான், செவிடனிடம் பேசுவது போல. வாங் யோசித்துப் பார்த்துவிட்டுத் தமிழில், "மெதுவா பேசு" என்றான்.

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"எங்க சீனர் ஊரு வேற, இவன் ஊரு வேற" என்று அழகுமலை சமாளித்தான். "ஆனா ஒண்ணு மட்டும் எல்லாச் சீனருக்கும் பொதுவு. அவுக பேச்சுல ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஏத்தம் எறக்கம் உண்டு, மாத்திச் சொன்னா அர்த்தம் மாறிப் போகும். அது தனி. அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு. 'ஷி'ன்னு ஒரு சொல்லு. நம்ம 'தான்' இருக்குல்ல, அது மாதிரி. நாம வேணுங்கிற சொல்லுக்கு வாலுல 'தான்' ஒட்டுவோம். அவுக 'ஷி'யக் கொண்டுபோயி முன்னால வச்சிருவாக, பின்னால எந்தச் சொல்ல ஒசத்துறாகளோ அதுக்குத்தான் அது சேரும். சொல்லு எடம் மாறாது. குரலுதான் மாறும். 'ஷி' இல்லாட்டியும் குரலு அந்த வேலயச் செய்யும். ஒசத்தின பெறகு மிச்சத்த அமுக்கிருவாக."

"பல்லுப் புடுங்கப் போனவன் எலக்கணம் படிச்சிட்டு வந்திருக்கான்" என்றான் கருத்தக்கண்ணன்.

சீனிச்சாமிக்கு அழகுமலையின் மேல் நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை. ஆனால் துவரை முறத்தோடு ஒருத்தி சொன்னதையே டவுசர் கிழிந்த இன்னொருவனும் சொல்கிறான். இருவரும் கூடிப் பேசியவர்கள் இல்லை. அவர் அழகுமலையைக் கையால் ஒதுக்கிவிட்டு வாங்குக்கு நேரே நின்றார்.

"நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. சுருளிப்பட்டியில சீனிச்சாமி வீட்ல உனக்கு என்ன குடுத்தாக?"

வாங் தயங்காமல் சொன்னான். "சீனிச்சாமி வீடு தண்ணீ குடுத்துச்சு."

வீட்டின் பெயர் சாதாரணமாக நடந்து வந்தது. 'தண்ணி' எழும்பி நின்றது. 'குடுத்துச்சு' அதன் காலடியில் சுருண்டுகொண்டது.

"சரி. இப்பச் சொல்லு. சுருளிப்பட்டியில யாரு உனக்குத் தண்ணி குடுத்தது?"

"சீனிச்சாமி வீடூ தண்ணி குடுத்துச்சு."

அதே நாலு சொல். ஆனால் இந்தத் தடவை வீட்டின் பெயர் உச்சிக்குப் போயிற்று; தண்ணீரும் கொடுத்ததும் அடிக்குரலில் அமுங்கிப் போயின. கருத்தக்கண்ணன் ஊரெல்லாம் நடித்துக் காட்டிய அதே ஏற்றம், அதே முழுங்கல். வாங்கின் முகத்தில் இளக்காரம் இல்லை, கோபம் இல்லை. இரண்டு தடவையும் ஒரே முகம்தான்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. பஞ்சு நிறுப்பவன் தராசைப் பிடித்தபடி, "யாருன்னு கேட்டாத்தான் அந்த மாதிரி வருது" என்றான் தனக்குள் பேசுவது போல.

"அன்னைக்குச் சந்தையில இவன்கிட்ட என்ன கேட்டாக?" என்றார் சீனிச்சாமி. "கேக்காமலா சொன்னான்? கேட்டது யாரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போயிற்று. சுயம்புலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"நான்தான் கேட்டேன்னு நெனைக்கிறேன். இந்த வெயில்ல சுருளிப்பட்டி வரைக்கும் போனியே, தாகத்துக்கு யாரு தண்ணி குடுத்தாகன்னு... ஏதோ பேச்சுவாக்குல..."

"யாருன்னு கேட்டீக. யாருன்னு சொன்னான். 'சீனிச்சாமி வீடுதான் குடுத்துச்சு'ங்கிறத அவன் வாயால அப்படித்தான் சொல்ல முடியும். நீங்க கேட்ட கேள்விக்கு வந்த பதில் உங்களுக்கே வெளங்கல. பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான். நீங்களும் சேந்து சிரிச்சீக. அதோட ஆடி வந்திருச்சு."

கருத்தக்கண்ணன் பொதியில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். சீனிச்சாமி அவனைப் பார்க்காமலே வாங்கிடம், "மத்த வீடுக?" என்றார்.

வாங் இரண்டு உள்ளங்கையையும் கதவு போல விரித்து, டப்பென்று சேர்த்தான். "மத்த வீடு கதவு" என்றான். அது போதாதென்று நினைத்தானோ என்னவோ, கருத்தக்கண்ணனைக் காட்டி, "இவர் வீடு கதவு, நாய்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"பிள்ள புடிக்கிறவன்னு சொன்னாக, அதான்..." என்றான் கருத்தக்கண்ணன்.

"உன் பிள்ளையப் புடிச்சிட்டுப் போயிருந்தா இந்நேரம் திருப்பிக் கொண்டாந்து விட்டிருப்பான்" என்றார் சீனிச்சாமி.

தராசுக்காரன் இந்தத் தடவை வாய்விட்டுச் சிரித்தான். அத்தோடு வண்டி ஏறியிருந்தால் வெற்றி முழு வெற்றி. ஆனால் அடிபட்டவன் சும்மா விடுவானா?

"எல்லாம் சரி அண்ணே" என்றான் கருத்தக்கண்ணன், குரலில் தேனைத் தடவிக்கொண்டு. "நாங்க கதவச் சாத்தினோம், ஒத்துக்கிறேன். நீங்கதான் குடுத்தீக. என்னதான் குடுத்தீக? அந்தத் தண்ணிக்கு மேல கூழு கீழு உண்டா? பசியோட வந்தவன் பசியோட போகாத வீடுன்னு சொல்லுவீகளே, அதுக்காகக் கேட்டேன்."

ஒரு பொய் போதும். வாங்கைக் கேட்டால் அவன் எதற்கும் தலையாட்டுவான். தன்னிடம் துணி வாங்கும் ஊரில் ஒரு பெரிய மனிதரை மறுத்துப் பேச அவனுக்கு என்ன வந்தது? அழகுமலையோ தன் பங்குக்கு ஒரு விருந்தே பரிமாறிவிடுவான். ஆனால் கருத்தக்கண்ணனுக்குப் பயந்து சீனிச்சாமி பொய் சொன்னார் என்பது பின்னால் அவர் மனசுக்குத் தெரிந்தேதான் இருக்கும். அந்த அளவுக்கு இந்த வீணர்களை அவர் மதிக்கவில்லை.

"தண்ணிதான் குடுத்தேன்" என்றார். "கூழு வாச வரைக்கும் வந்துச்சு. நான்தான் வேண்டாம்னு மறிச்சேன்."

கருத்தக்கண்ணன் எதிர்பார்த்தது இதுவல்ல. கையில் ஓங்கிய கம்பை எங்கே போடுவது என்று தெரியாதவன் போல நின்றான்.

சுயம்புலிங்கம் எழுந்து வந்தார். சீனிச்சாமியின் தோளில் கையை வைத்தார். "அட, அதுல என்ன இருக்கு சம்பந்தி. நம்ம வீட்ல நமக்குள்ள ஆயிரம் இருக்கும். இதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல. நடந்தது நடந்து போச்சு, நான் மன்னிச்சு விட்டுட்டேன். வெள்ளிக்கெழமையே பரிசம் போட வந்திர்றோம். சனத்துக்கு நான் சொல்லிக்கிறேன்."

மன்னித்துவிட்டாராம். ஒரு சிரிப்பைக் கேட்டுப் பெண்ணை வேண்டாம் என்றவர், ஒரு சீனாக்காரனின் தொண்டை எங்கே ஏறி எங்கே இறங்கியது என்று பார்த்து இப்போது வேண்டும் என்கிறார். இதில் மன்னிப்பு வேறு. சீனிச்சாமி தோளில் இருந்த கையைப் பார்த்தார். அது தானாக இறங்கியது.

"வாங்க" என்றார். அதற்குப் பிறகு 'தண்ணி' என்ற சொல்லை மட்டும் நன்றாகத் தூக்கி நிறுத்தி, மிச்சத்தை அடிக்குரலில் அமுக்கிச் சொன்னார். "வெள்ளிக்கெழம உங்க சனத்துக்குத் தண்ணீ குடுக்கிறேன்."

பரிசம் போட வருகிறவர்களுக்கு இலை போட்டு வடை பாயசத்தோடு சோறு போடாத வீடு அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. தண்ணீர் மட்டும் தருகிறேன் என்றால் வந்த வழியே போங்கள் என்று அர்த்தம். அதை விளங்கிக்கொள்ள யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வாங்குக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

வண்டி ஊருக்குத் திரும்பியது. சீனிச்சாமி வீட்டுக்குள் நுழைந்து, மேல்துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, நடந்ததைச் சொன்னார். சம்பந்தம் முறிந்தது என்றும் சொன்னார். அடுப்படியில் இருந்த பஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, "அந்த வீட்டுக் கெணத்துத் தண்ணி ஒரே உப்பாம். நல்லதாப் போச்சு" என்றுவிட்டுப் புகையைக் கண்ணிலிருந்து தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவளுடைய குரலில் வருத்தம் இருக்கிறதா என்று சீனிச்சாமி தேடிப் பார்த்தார். இல்லை. அவள் அவருடைய மகள்.

"எவ்வளவு பேரு நின்னாக தெரியுமா" என்றார் கஸ்தூரியம்மாளிடம். "அத்தன பேரு முன்னால, சுருளிப்பட்டியில சீனிச்சாமி வீடுதான் தண்ணி குடுத்துச்சுன்னு ஆயிப் போச்சு."

கஸ்தூரியம்மாள் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். கம்பங்கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். அன்று வாசல் வரை வந்து திரும்பிப் போன அதே கலயம். அதை அவர் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு,

"ஆமா. நீங்க தண்ணீ குடுத்தீக" என்றாள்.

எந்தச் சொல்லைத் தூக்கினாள் என்பது அவருக்கு நன்றாகக் கேட்டது. கலயத்தைக் கையில் எடுத்தார். உடனே குடிக்கவில்லை.